ஜோதியம்மாளும் லூஸ் கான்டாக்ட்டும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில், ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து, சின்னக்கடைத் தெரு கோதண்டராமனின் மனைவி ஜோதியம்மாள் விட்டு விட்டுத்தான் கண்ணுக்குத் தெரிந்தாள். வீட்டு முன்பக்கக் கடையில் இருந்த வீடியோ கேம் பெட்டியில் படம் போனால் அவள் உருவமும் போகும். படம் வந்தால் அவளும் வருவாள். படம் போனாலும் பெட்டியில் வெடிச் சத்தம் நிற்காமல் கேட்டதைப் போலவே, உருவம் போனாலும் அவள் குரல் மட்டும் அங்கேயே நின்று, அடுப்பில் பால் இருக்கிறது, யாராவது பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதே வாரத்தில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸின் நேரத்தையும் மாற்றியிருந்தார்கள். ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

கோதண்டராமன் வாடகை சைக்கிள் கடைக்காரர். சென்னைப் பொருட்காட்சி ஒன்றில் ஓடித் தேய்ந்த பெட்டியை லாரியில் ஏற்றி வந்து, சைக்கிள்களை வெளியே தள்ளிவிட்டு உள்ளே வைத்தார். ஆள் உயரப் பெட்டி. திரையில் ஒரு சின்ன விமானம் சுட்டுக்கொண்டே வலப் பக்கமாகப் பறக்கும். படம் போனால் விளையாடுகிறவர்கள் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுவார்கள், வந்துவிடும். ஜோதியம்மாளும் வந்துவிடுவாள், ஆனால் வலது தோளைத் தேய்த்துக்கொண்டே வருவாள். நாலாம் நாள் அந்தத் தோள் கன்றியிருந்ததைப் பார்த்த கோதண்டராமன், பெட்டியைத் தட்டக் கூடாது என்று அட்டையில் எழுதி மாட்டினார். அதன்பின் படம் தானாக வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பெட்டியை அணைத்தே வைத்தால் என்ன என்று ஒருமுறை பார்த்தார்கள். உருவத்தோடு குரலும் போய்விட்டது. அலறியடித்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டார்கள். அன்றிலிருந்து பெட்டி அணையாமல் ஓடியது. கரண்ட் போனால் ஊருக்கு விளக்குதான் போனது, கோதண்டராமனுக்கு மனைவியே போனாள். சும்மா சொல்லக் கூடாது, அந்த மனிதர் பட்ட பாடு யாருக்கும் வரக் கூடாது. முதலில் கண் இமைக்கிற நேரம் மறைந்தவள், தீபாவளி வாக்கில் அரை மணி, ஒரு மணி என்று மறைந்தாள். ஒருநாள் திரையில் சிவப்பு நிறம் மட்டும் விட்டுப்போக, அவள் நெற்றிக் குங்குமமும் காணாமல் போனது. ரேஷன் கடை வரிசையில் அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக் காசியம்மாள் ஒப்பாரியே வைத்துவிட்டாள். ஓடிவந்து, கோதண்டராமன் உட்கார்ந்து இட்லி தின்பதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினாள். தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் கொஞ்சம் நின்றாலும் "ஜோதி" என்று கூப்பிட்டார். பெட்டியைத் தலைமுழுகச் சொன்னவர்களிடம், அது எந்த ஊருக்குப் போனாலும் அவளும் அதோடு போய்விடுவாள் என்றார்.

கடைசியில் வேங்கிக்காலிலிருந்து டிவி மெக்கானிக் அருணகிரியை அழைத்துவந்தார்கள். அவன் பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான்.

"லூஸ் கான்டாக்ட்டுதாண்ணா. பிக்சர் டியூபுக்குப் போற பிளக்கைப் புடுங்கி சுத்தம் பண்ணணும்."

"புடுங்கினா அவ இன்னா ஆவா?"

"அது எனக்கு எப்படிண்ணா தெரியும்? நான் டிவி மெக்கானிக்கு."

கோதண்டராமன் ஒரு வாரம் தள்ளிப்போட்டார். தீபத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று போன படம் மூன்று நாள் வரவே இல்லை. மூன்றாம் நாள் வெற்றிடத்திலிருந்து ஜோதியம்மாளின் குரல் சொன்னது: "புடுங்கச் சொல்லுங்க. என் கையை நானே பாத்து மூணு நாளாவுது. புடுங்கறதும் பயமாத்தான் இருக்குது. இப்படியே இருக்கறது அதவிடப் பயமா இருக்குதுங்க."

பெட்டிக்குப் பின்னால் நின்று வேலை பார்க்கிறவனுக்குத் திரை தெரியாது. அதற்காக எதிரே ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தத் தொழிலில் வழக்கம். தானே பிடிப்பதாக ஜோதியம்மாள் சொன்னாள். கண்ணாடி ஆணியிலிருந்து இறங்கி, அந்தரத்தில் நடந்து வந்து, திரைக்கு எதிரே நின்றது. அருணகிரி ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினான். உள்ளே துளை துளையாகச் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது.

"யாருண்ணா இதுக்குள்ள பொட்டு வெச்சது?"

ஆயுத பூஜைக்குச் சைக்கிள் பம்பு, பஞ்சர் கத்தரி முதற்கொண்டு கழற்றித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்த ஜோதியம்மாள், பிளக்குக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்யவில்லை. அதைச் சொல்ல இப்போது அவளுக்குக் குரல் இல்லை. கோதண்டராமன் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். கண்ணாடி மட்டும் அந்தரத்தில் நடுங்கியது. அது நடுங்குகிறவரை அவள் இருக்கிறாள் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க நடுக்கம் குறைந்தது. அதற்கு மேல் தாங்காமல் கண்ணை இறுக மூடி அண்ணாமலையாரைக் கூப்பிட ஆரம்பித்தார்.

பிளக் தேறாது என்று கண்ட அருணகிரி, அதை எறிந்துவிட்டு ஒயர்களை நேராக ஈயம் வைத்துப் பற்றவைத்தான். ஸ்விட்சைப் போட்டான். படம் வந்தது. ஜோதியம்மாளும் முழுசாக வந்து நின்றாள். ஆனால் அவன் பெட்டிக்குப் பின்னால் இருந்தான். புருஷன்காரர் கண்ணை மூடியிருந்தார். திரையில் ஓடிய எழுத்துகள் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிய, ஒயர்களை மாற்றிப் பற்றவைத்துவிட்டோம் என்று அருணகிரி பதறிப்போனான். கண்ணாடியில் எந்த எழுத்தும் அப்படித்தான் தெரியும் என்பது, எட்டு வருஷம் தொழில் பார்த்தவனுக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. அவள் வாயைத் திறப்பதற்குள் ஸ்விட்சை அணைத்து, படத்தை இடம் வலமாகத் திருப்பும் இரண்டு ஒயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்து, மறுபடி போட்டான். கண்ணாடியில் எழுத்துகள் நேராக இருந்தன. "வந்துடுச்சிண்ணா!" என்று கத்தினான்.

கோதண்டராமன் கண்ணைத் திறந்தார். ஜோதியம்மாள் நின்றிருந்தாள். வலது மூக்கில் இருந்த மூக்குத்தி இடது மூக்குக்குப் போயிருந்தது. முந்தானை வலது தோளில் கிடந்தது. திரையில் விமானம் இடப் பக்கமாகப் பறந்தது. அருணகிரி தலையில் அடித்துக்கொண்டு, "ரெண்டே ஒயருதாண்ணா, ஒரு நிமிஷத்துல மாத்திடறேன்" என்று சூட்டுக்கோலை எடுத்தான். கோதண்டராமன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"வேணாம்பா. தொடாத. எந்தப் பக்கமா இருந்தா இன்னா, இருக்கிறா இல்ல."

ஈயம் வைத்த பிறகு கரண்ட் போனாலும் அவள் போகவில்லை; அருணகிரியின் வேலை அவ்வளவு கெட்டி. தீபத்தன்று காலையில் இருவரும் கிரிவலம் கிளம்பினார்கள். மலையை வலப் பக்கம் வைத்து ஊரே நடக்க, ஜோதியம்மாள் எதிர்த் திசையில் திரும்பினாள். தடுத்தவர்களிடம் இடது கையைத் தூக்கிக் காட்டி, "மலை என் சோத்தாங்கைப் பக்கந்தாங்க இருக்குது" என்றாள். பாவம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். கோதண்டராமன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவளோடு நடந்தார். அடி அண்ணாமலையில் எதிரே வந்த கூட்டம் இடித்தது, காலை மிதித்தது, பிறகு ஒதுங்கி வழி விட்டது. அடுத்தடுத்த வருஷங்களில் அதுவும் பழகிப்போய், எதிரே வருகிறவர்கள் தண்ணீர்ப் பந்தல் இன்னும் எவ்வளவு தூரம் என்று ஜோதியம்மாளிடமே விசாரித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அவர்கள் இரண்டு பேர்தானே.