பாப்பா கப்பல் ஏறிய நாள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவர் வாசலில் குந்தி உட்கார்ந்து, தங்கையின் சக்கர நாற்காலிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வண்டியை எடுக்கும் முன் டயரைத் தட்டிப் பார்ப்பது போலவே இந்தச் சின்னச் சக்கரங்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், பிரேக்கை இழுத்துவிட்டுப் பார்ப்பார். அந்த விஷயத்தில் அவரிடம் யாரும் குறை காண முடியாது.

தங்கைக்கு அன்றோடு நாற்பது வயது நிறைகிறது. ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். இருபத்தாறு வயதில் முதுகுத்தண்டில் வந்த கட்டியை எடுத்தபோது உயிர் தங்கியது, கால்கள் தங்கவில்லை. அவள் மூலையில் முடங்கிவிடவில்லை. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்துகொடுக்கும் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது அந்தக் கூடத்தையே நடத்துகிறாள். "ஊர்ல பாதி தாத்தாக்கள் சிரிக்கறதே என் தயவுலதான்" என்பாள்.

டிரைவர் அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. உணவகத்தில் அவளுக்கு என்ன வேண்டும் என்று அவரே சொல்வார். மருத்துவர் அவளிடம் "தூக்கம் வருதா?" என்று கேட்டால், "நல்லா தூங்கறா" என்று இவரிடமிருந்து பதில் போகும். பாப்பா வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அவளும் அண்ணன் மனம் நோகக் கூடாதென்று சிரித்துவிட்டு விட்டுவிடுவாள்.

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அவள் கைக்கடிகாரமோ செருப்போ கேட்கவில்லை. பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போக வேண்டும், அங்கே இருக்கிற ராட்சதக் கப்பலில் ஏற வேண்டும் என்றாள். போக வேண்டும் என்றது டிரைவர் காதில் நன்றாக விழுந்தது. ஏற வேண்டும் என்றது விழவில்லை. கல்லூரியில் படிக்கும் தன் மகளையும் கூட்டிக்கொண்டு மூவருமாகக் கிளம்பினார்கள்.

பூங்கா ஜேஜே என்றிருந்தது. அந்தக் கப்பல் ஊஞ்சல் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வானத்துக்கு எழும்பி இறங்க, உள்ளே இருந்தவர்கள் அடிவயிற்றிலிருந்து கத்தினார்கள். பாப்பா வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். மேடைக்கு ஏற முன்பக்கம் படிகள் இருந்தன. வெளியேறும் பக்கத்தில் சரிவுப்பாதை ஒன்று அழகாகக் கட்டியிருந்தது. ஆனால் அதன் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

மஞ்சள் சட்டை போட்ட ஊழியன் ஒருவன் பாப்பாவின் தலைக்கு மேலாக டிரைவரைப் பார்த்து, "இவங்களும் ஏறப்போறாங்களா சார்?" என்று கேட்டான்.

"இல்லப்பா. அவ கீழ உக்காந்து பாத்துக்குவா. நாங்க ரெண்டு பேருதான்."

பாப்பா நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். கோபம் இல்லை, குரலும் உயரவில்லை.

"அண்ணா, நான் பாக்கறதுக்கு வரல" என்றாள். பிறகு ஊழியனிடம் திரும்பினாள். "தம்பி, என்னைப் பத்தி என்கிட்ட கேளுங்க. நான் ஏறப்போறேன்."

நடக்க முடியாதவர்களை ஏற்றுவதில்லை என்றான் அவன். அப்படி எங்கே போட்டிருக்கிறது என்று அவள் கேட்டாள். பக்கத்து அறிவிப்புப் பலகையில் இதய நோயாளிகளைப் பற்றியும் கர்ப்பிணிகளைப் பற்றியும் இருந்தது, இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்க வேண்டும் என்றிருந்தது, கால்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வழக்கமாக அப்படித்தான் என்று அவன் தலையைச் சொறிந்தான். வரிசையில் முணுமுணுப்புக் கிளம்பியது. குழந்தைகள் ரயிலில் ஏற்றிவிட்டால் என்ன என்று ஒருவர் யோசனை வேறு சொன்னார்.

மானம் கப்பலேறுகிறதே என்று டிரைவருக்கு உடம்பெல்லாம் கூசியது. "விட்டுடு பாப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்று குனிந்து கெஞ்சினார்.

"பாக்கட்டும்ணா. இத்தனை வருஷம் நான் பாத்துக்கிட்டிருந்தேன். இன்னைக்கு அவங்க பாக்கட்டும்."

மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொன்னாள். நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். அவரிடம் பாப்பா சண்டை போடவில்லை. ஓட்டத்தின் நடுவே மின்சாரம் போனால் ஆட்களை எப்படி இறக்குவீர்கள் என்று மட்டும் கேட்டாள். கப்பல் தானாக வேகம் குறைந்து, ஏறின இடத்திலேயே வந்து நிற்கும் என்றார் அவர். அப்படியானால் யாருமே பாதி வழியில் நடந்து இறங்க வேண்டியதில்லையே என்றாள் பாப்பா. மேற்பார்வையாளர் அறிவிப்புப் பலகையை ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு, நேராக உட்கார முடியுமா, கம்பியை விடாமல் பிடிக்க முடியுமா என்று அவளிடமே கேட்டார். ஊழியர்கள் தூக்கிவிட மாட்டார்கள், பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் உட்கார வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் பாப்பா சம்மதித்தாள்.

சாவி வந்தது. சங்கிலி விழுந்தது. "இதை எதுக்குப் பூட்டினாங்கன்னு எனக்கே தெரியலம்மா. இனிமே பூட்ட மாட்டோம்" என்றார் மேற்பார்வையாளர்.

கப்பல் இருக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி நின்றதும் டிரைவர் பழக்கதோஷத்தில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தார்.

"கூப்பிட்டா வாண்ணா" என்றாள் பாப்பா.

பிரேக்கைப் போட்டாள். ஒரு கையைக் கப்பல் இருக்கையிலும் மறு கையை நாற்காலியிலும் ஊன்றி எழும்பினாள். பாதி தூரம் போய்த் திரும்ப நாற்காலியிலேயே பொத்தென்று விழுந்தாள். ஓர் அடி முன்னே வைத்த டிரைவர், அவள் கூப்பிடவில்லையே என்று அப்படியே நின்றார். அவர் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலைகளில் அதுவும் ஒன்று. அவள் நாற்காலியை இன்னும் நெருக்கி வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து மறுபடி எழும்பினாள். இந்த முறை போய்ச் சேர்ந்தாள். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் கைகளில் இவ்வளவு வலு இருப்பது டிரைவருக்கு இத்தனை நாள் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் இடமே கொடுத்ததில்லை.

வீட்டு ஆளாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட்ட நெரிசலில் பேருந்தை வளைத்து ஓட்டுகிற மனிதர், கப்பல் இரண்டாவது முறை எழும்பியபோதே கண்களை இறுக மூடிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பாப்பா சிரித்த சிரிப்பு காற்றில் பறந்தது. "கண்ணைத் தொறண்ணா, ஊரே தெரியுது" என்று அவர் காதுக்குள் கத்தினாள். அவர் திறந்து பார்த்தார். ஊர் தெரிந்ததோ இல்லையோ, தங்கையின் முகம் தெரிந்தது. பதினாலு வருஷத்தில் அந்த முகத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

கப்பல் நின்றதும் இன்னொரு தடவை போகலாம் என்றாள் அவள். நாற்காலியோடு கீழே நின்றிருந்த மகள் அத்தைக்குத் துணையாக ஏறிக்கொண்டாள். டிரைவர் இறங்கி வந்து எதிரே இருந்த பெஞ்சில் விழுந்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"பாவம், இந்த நிலைமையில ஒரு பொண்ணு. நீங்களாவது நல்லா பாத்துக்கறீங்களே."

காலையில் கேட்டிருந்தால் டிரைவர் நெஞ்சை நிமிர்த்தியிருப்பார். இப்போது இல்லையென்று தலையை ஆட்டினார்.

"பாவமெல்லாம் இல்லம்மா. அவளுக்குக் கால் நடக்காது, அவ்வளவுதான். ஆசை இருக்கு, புத்தி இருக்கு, பேசறதுக்கு வாய் இருக்கு. நான்தான் எல்லாத்துக்கும் அவளுக்குப் பதிலா பேசிக்கிட்டிருந்தேன். அவ வழியை மறிச்சது அவ கால் இல்லம்மா. அங்க போட்டிருந்த சங்கிலியும் என் வாயும்தான். ஒருத்தரைப் பாத்துக்கறதுன்னா அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்ககிட்டயே கேக்கறது, கேட்டதுக்கு வழிவிட்டு நிக்கறது. எனக்கு இன்னைக்குத்தான் அது புரிஞ்சுது."

கப்பல் உச்சிக்கு எழும்பியது. டிரைவர் எழுந்து நின்று, பெஞ்சைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அதோ, முதல் வரிசையில எல்லாரையும்விட சத்தமா சிரிக்கறா பாருங்க, அவ என் தங்கச்சி."