சனிக்கிழமை மெழுகு

மார்ச் மாதம் என் புருஷன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டான். பெண் நல்ல வெள்ளை, நான்கு கதவு, ஹீட்டர் வேலை செய்யும். கொண்டுவந்த அன்றே அவளை ஷெட்டில் நிறுத்தி, எங்கள் கட்டிலில் கிடந்த கம்பளியை உருவிக்கொண்டு போய் போர்த்திவிட்டான். அந்தக் காரை வாங்கியதே நான் ஓட்டத்தான் என்று பேச்சு. இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை லைசென்ஸ் வாங்கியவள் நான். ஐம்பத்தாறு வயதில் வாங்கிய லைசென்ஸ் என்பதால் கைப்பையைத் திறக்கும்போதெல்லாம் அதை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

ஜூலையில் என் அக்கா மில்காவுக்கு அறுபது வயது. அவள் இருப்பது புவெர்த்தோ நாதாலெஸில், சிலி நாட்டுத் தென்கோடியில் இருக்கும் எங்கள் புந்தா அரேனாஸிலிருந்து மூன்று மணி நேரம். மில்கா இருபது வயதிலிருந்தே வண்டி ஓட்டுகிறவள், அந்தக் கொழுப்பு அவளுக்கு எப்போதும் உண்டு. போனில் கேட்டாள்: "இந்தத் தடவையும் பஸ்ல பார்சல் மாதிரி வந்து இறங்கப் போறியா நெவென்கா?" நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன், வாசலில் வந்து நில் என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவள் வாசலில் ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

என் புருஷன் அபெலார்தோ வேறு கணக்குப் போட்டிருந்தான். குளிர்காலம் முழுக்கத் தாங்கும் மெழுகு ஒன்று கையில் கிடைக்கும்வரை அந்த வண்டி ஷெட்டை விட்டு வெளியே வராது என்றான்.

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் பக்கம் ஜூன், ஜூலைதான் குளிர்காலம். அது வந்தால் நகராட்சி லாரி தெருவெல்லாம் உப்பும் மணலும் தூவிக்கொண்டு போகும். தூவாவிட்டால் மனுஷர் இடுப்பு ஒடியும், தூவினால் வண்டி இடுப்பு ஒடியும். எங்கள் பழைய நீல பிக்கப் அப்படித்தான் போனது. ஓரமெல்லாம் துரு பிடித்துப் பொரிந்த அப்பளமாகிவிட்டது. ஒரு நாள் ரொட்டிக் கடை வாசலில் அவன் கதவைத் திறக்க, எங்கள் ஊர்க் காற்று அந்தக் கதவைக் கையோடு பிடுங்கிக்கொண்டு எதிர்ச்சுவர்வரை போய்விட்டது. ஒரு கையில் ரொட்டிப் பையோடு அவன் கதவைத் துரத்தி ஓடியதை ஊரே பார்த்தது. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான். கதவை மட்டும் தூக்கி எறியவில்லை, பின்வேலியில் மாட்டி வைத்திருந்தான்.

அந்தக் கதவுதான் இப்போது பரீட்சைப் பலகை ஆனது. துரு பிடிக்காத மேல்பாதியைத் தேய்த்துக் கழுவி, பட்டை பட்டையாக டேப் ஒட்டி, எண் போட்டு, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு மெழுகு. முதலாவது, அடுத்த வீட்டு குஸ்தோதியோ சத்தியம் செய்து கொடுத்தது: பனைமர மெழுகு, வாழைப்பழ வாசனை. இரண்டாவது, வரியில்லாக் கடையில் இருந்த பெண் சிபாரிசு செய்த செயற்கைச் சரக்கு, பால் மாதிரி இருக்கும். மூன்றாவது தலைநகர் சாந்தியாகோவிலிருந்து வரவழைத்தது. டப்பாவில் பனிக்கரடி படம். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த குஸ்தோதியோ, "இது வடதுருவத்து மெழுகுடா, நம்ம ஊர்ல பெங்குவின்தான். இங்க பிடிக்காது" என்றான்.

தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் என் புருஷன் தெரு உப்பைக் கரைத்து ஒரு செம்பு தண்ணீரைக் கதவில் ஊற்றுவான். சாயங்காலம் வந்ததும் நல்ல தண்ணீர் தெளித்துப் பார்ப்பான். தண்ணீர் முத்து முத்தாக நின்று உருண்டால் மெழுகு உயிரோடிருக்கிறது, பரந்து வழிந்தால் செத்துவிட்டது. மே மாதம் பனைமர மெழுகு செத்தது. குஸ்தோதியோ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சீட்டாட்டத்துக்குக்கூட வரவில்லை, ஏதோ தாயாதி செத்த மாதிரி.

நானோ ஹோட்டல் சலவைக் கூடத்துக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தேன். மூலைக்கு மூலை கம்பத்தைக் கட்டிப்பிடித்து, காற்று அடங்கியதும் அடுத்த கம்பத்துக்கு ஓடுவேன். ஜூனில் ஒரு நாள் பனிக்கட்டியில் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன், இடுப்பில் ஒரு பக்கம் முழுக்க நீலம். வீட்டுக்கு வந்தால் என் கிழவன் பார்த்து நடக்கக் கூடாதா என்று கேட்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷெட்டில் ஒருத்தி கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறாளே, அவளை எழுப்பக் கூடாதா, மில்காவுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கத்தினேன்.

"உனக்கு என்ன கிழவி அவசரம்? வீட்டுக்குள்ள பன்றி ஓட்டுறியே, அது போதாதா?" என்றான்.

பன்றி என்பது எங்கள் ஊரில் தரை பளபளக்கத் தேய்க்கும் சாமான். கனத்த இரும்புக் கட்டை, அடியில் பிரஷ், நீளமான கைப்பிடி. மெழுகு பூசிக் காயவைத்த பிறகு அதைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். சனிக்கிழமை எந்த வீட்டுக்குப் போனாலும் பன்றி ஓடும் சத்தம் கேட்கும். சமாதானமாகி வந்திருந்த குஸ்தோதியோ குடித்துக்கொண்டிருந்த மாத்தே டீ மூக்கில் ஏறும்வரை சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை முன்னறைப் பலகைத் தரைக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அந்தக் கதவு கண்ணில் பட்டது. அவன் சீட்டாடப் போயிருந்தான். கையில் துணி இருந்தது, துணியில் மெழுகு இருந்தது. நேரே போய், கடைசி எண்ணுக்கு அப்பால் ஒரு சாண் இடம் காலியாக இருந்ததே, அதில் நன்றாகத் தேய்த்துவிட்டு வந்தேன். கோபத்தில் செய்ததுதான், பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமையும் போனேன், அதற்கு அடுத்ததும் போனேன்.

ஜூலை பிறந்தது. பால் மெழுகு வழிந்தது. பனிக்கரடியும் கடைசியில் காலை நீட்டியது. ஒரு சாயங்காலம் அபெலார்தோ குஸ்தோதியோவை இழுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தான். எண் இல்லாத அந்த ஓரத்தில் மட்டும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. பனியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தான். அங்கே எதைப் பூசினோம் என்று அவனுக்கு ஞாபகமே வரவில்லை. ஆலையிலேயே போட்ட பூச்சாக இருக்கும், அந்தக் காலத்து வேலையே வேலை என்றான் குஸ்தோதியோ. இருவரும் தொப்பியைக் கழற்றாத குறை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அது தரைக்குப் போடுற மெழுகு," என்றேன் சமையலறை வாசலில் நின்றபடி.

"எந்தத் தரைக்கு?"

"நீ பூட்ஸோட நடந்து நாசம் பண்றியே, அந்தத் தரைக்கு."

அவன் எழுந்து வந்தான். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "அது இவ்வளவு நாள் தாங்குதா?"

"தாங்காது கிழவா. எதுவும் தாங்காது. சனிக்கிழமை ஆனா நான் திரும்பப் போடுறேன், அவ்வளவுதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தரைக்குப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். குளிர்காலம் பூரா எந்த மெழுகு நிக்கும்னு ஒரு நாளாவது உன்கிட்ட வந்து கேட்டிருக்கேனா?"

குஸ்தோதியோவுக்குத் திடீரென்று வீட்டில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிட்டது. என் புருஷன் கதவை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனான். மறுநாள் என்னோடு பேசவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. கதவு வேலியில் இருந்தது, உப்புத் தண்ணீர் ஊற்ற ஆள் போகவில்லை. ஜெயித்துவிட்டேன், ஆனால் நாதாலெஸ் போச்சு என்று நினைத்தேன். இலையுதிர் காலத்திலிருந்து அவன் பாடுபட்டதை ஒரே வாக்கியத்தில் ஊதிவிட்டேனே, இனி எங்கே சாவியைக் கொடுப்பான்? மில்கா பிறந்தநாள் சனிக்கிழமை, அன்றைய பஸ் நேரம்கூட விசாரித்து வைத்துவிட்டேன். விசாரிக்கும்போது அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மில்காவுக்காக ருபார்ப் ஜாம் வைத்துக் கேக் செய்துகொண்டிருந்தேன். அபெலார்தோ உள்ளே வந்தான், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து எதையோ எடுத்தான், என்னைப் பார்க்காமல் போய்விட்டான். நானும் கேட்கவில்லை, எனக்கும் ரோஷம் உண்டு. ஷெட்டில் விளக்கு எரிந்தது. அது விளக்கு என்று பேர், அதன் வெளிச்சத்தில் சொந்தக் கையைத் தேட வேண்டும். வெகுநேரம் கழித்து, கையுறையை ஷெட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சூப்புக்கு உட்கார்ந்தான். அவன்மேல் எங்கள் முன்னறை வாசனை அடித்தது.

"நாளைக்கு எட்டு மணிக்குக் கிளம்பலாம். நீதான் ஓட்டுற," என்றான். கொஞ்சம் கழித்து, "அடுத்த சனிக்கிழமை திரும்பப் போட்டுக்கலாம்," என்றான்.

நான் இன்னும் இரண்டு கரண்டி சூப்பை அவன் கிண்ணத்தில் ஊற்றினேன். அவ்வளவு சந்தோஷம்.

காலை எட்டு மணிக்கு எங்கள் ஊரில் ஜூலையில் கும்மிருட்டு. கேக்கை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் ஓட்டினேன். ஊர்வலம் போகிற வேகம்தான், ஆனால் நான்தான் ஓட்டினேன். லாரிகள் தாண்டிப் போகும்போதெல்லாம் உப்புச் சேறு வண்டிமேல் வாரி அடித்தது. ஒவ்வொரு தடவையும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். என் ஓட்டுதலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

வழியில் வில்லா தெவெல்ச்செஸ் கிராமம் வந்தபோது பொழுது விடிந்தது. காற்றுக்கு எதிரே மூக்கை வைத்து நிறுத்திவிட்டு, காபி குடிக்க உள்ளே போனோம். வெளியே வரும்போது அவன் ஆசையாகப் பிளாஸ்கிலிருந்து கொஞ்சம் வெந்நீரைப் பானெட்டில் ஊற்றினான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. ஒவ்வொரு முத்தும் சிவப்பு.

அப்புறம்தான் நாங்கள் இருவரும் வண்டியைப் பார்த்தோம். சுற்றிலும் வெள்ளைவெளேரென்று பனி, நடுவில் ரோஸ் நிறத்தில் எங்கள் கார். கூரை வெளிர் ரோஸ், கதவுகள் கெட்டி ரோஸ். கை சுற்றிச் சுற்றித் தேய்த்த இடமெல்லாம் சுருள் சுருளாக. எனக்கு உடனே புரிந்துவிட்டது. தொட்டிக்கு அடியில் இரண்டு டப்பா உண்டு. நிறமில்லாதது முன்னறைப் பலகைக்கு, சிவப்பு நடைவழிச் சிமெண்டுக்கு. டப்பா இரண்டும் வெளியே ஒரே மஞ்சள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சிவப்பு நடைவழியில் நடக்கிறான். அது எப்படிச் சிவப்பாக இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தத் துணியை ஒரு நாளாவது கையில் பிடித்திருந்தால் அல்லவா!

எதிரே போன லாரிக்காரன் ஒருவன் நீளமாக ஹாரன் அடித்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வண்டியைத் திருப்பு, வீட்டுக்குப் போய்க் கழுவலாம் என்று சொல்லப்போகிறான் என்று நின்றேன். ஒரு பொட்டு உப்புக்குப் பயந்து கம்பளி போர்த்தியவன், இந்த நிறத்தில் நாதாலெஸ் தெருவில் போவானா? பாதி வழியில் என் பயணம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அவன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். கதவைத் திறந்தான், காற்று பிடுங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், கேக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஏறு," என்றான். "நான் அன்னிக்கே சொன்னேன்ல கிழவி? கடைசியில நீ பன்றிதான் ஓட்டுற."

கியர் போட முடியாமல் சிரித்தேன். அவனும் சிரித்தான். கேக் குலுங்கியது. அழுகையும் கொஞ்சம் வந்தது, குளிரில் கண்ணீர் வருவது சகஜம்தான்.

மில்கா வாசலில் நின்றிருந்தாள், சொன்ன சொல் தவறாதவள். பின்னால் விருந்தாளிகள் எல்லோரும். நான் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து நிறுத்தி, ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக இறங்கினேன். பார்சல், பஸ் என்று கிண்டல் செய்யத் தயாராக நின்றவள் படியிறங்கி வந்து வண்டியைத் தொட்டுப் பார்த்தாள். அபெலார்தோ சிவந்த விரல்களில் கேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி அவள் முன்னால் போய் நின்றான். பிறந்தநாள் வாழ்த்துகூடச் சொல்லாமல் கேட்டான்:

"மில்கா, உன் வீட்டுத் தரைக்கு என்ன கலர் மெழுகு போடுற?"