தேனீக்களுக்குச் சொன்ன சாவு

லூடோல்ஃப் பெக்டோர்ன் இறந்துவிட்டார் என்று தேனீக்களிடம் சொல்லப்பட்டபோது, அவர் பண்ணைவீட்டில் உட்கார்ந்து பன்றி இறைச்சி போட்ட அடை தின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுத் தலைவர் போய்விட்டால் யாராவது கூடுகளைத் தட்டிச் சொல்லி, ஒவ்வொன்றையும் சற்று நகர்த்தி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் தேனீக்கள் கோபித்துக்கொண்டு போய்விடும். அன்று காலை தேனீக்காரன் ஹார்ம் போனபோது பண்ணையில் வைக்கோலால் பின்னிய தேனீக் கூடுகள் அத்தனையும் நகர்ந்திருந்தன. பதறி ஓடிவந்தவன், எசமான் மென்றுகொண்டிருப்பதைக் கண்டு, தொப்பியைக் கழற்றுவதா மாட்டுவதா என்று தெரியாமல் நின்றான்.

தேனீக்களோ, யார் எதைச் சொன்னாலும் நம்பும் சாதி. கூட்டுக்குள் எலி செத்துக் கிடந்து, இழுத்துப் போட முடியாவிட்டால், நாறாமல் இருக்கப் பிசினும் மெழுகும் பூசி அதை மூடிவிடும். பெக்டோர்னுக்கும் அந்த மரியாதையைத்தான் செய்தன. வசந்தம் வந்ததும், அவர் தூங்கும்போது சன்னல் வழியாக வந்தன. சன்னலை அடைத்தால் புகைபோக்கி வழியாக வந்தன. ஒருமுறைகூடக் கொட்டவில்லை. காலையில் அவர் விரல்கள் மெழுகில் ஒட்டிக் கிடக்கும். மனைவி கெஷெ வெண்ணெய்க் கத்தியால் பொறுமையாகச் சுரண்டி எடுப்பாள்.

சொன்ன வாயே மாற்றிச் சொன்னால்தான் தேனீக்கள் கேட்கும். சொன்னது யார் என்று தெரிந்தால், அந்த ஆளையே அனுப்பி மாற்றிச் சொல்ல வைக்கலாம். அதனால் பெக்டோர்ன் சந்தேகப்படத் தொடங்கினார். அந்த வேலை அவருக்கு நன்றாகவே வந்தது. முதலில் ஹார்மைத் துரத்தினார். பிறகு போதகரைச் சந்தேகித்தார், மைத்துனரைச் சந்தேகித்தார், சூப்பை நாய்க்கு ஊற்றிப் பார்த்த பிறகே குடித்தார். நாய் குடிக்கத் தயங்கிய நாளில் நாயையும் சந்தேகித்தார். ஊர் மட்டும் சும்மா இருந்ததா? தேனீ பொய் சொல்லாது, அப்படியானால் இங்கே நடமாடுவது என்ன என்று அவருக்குக் கை கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. கெஷெ ஒருத்தியைத்தான் அவர் சந்தேகிக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் மாவட்ட சபையில் மேய்ச்சல் புறம்போக்கின் கதி முடிவாக இருந்தது. பெரிய பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால், குடிசைக்காரர்களின் ஆடுகளுக்குப் போக்கிடமில்லை. சபை இரண்டாகப் பிளந்து நின்றது. சபை உறுப்பினரான பெக்டோர்ன் எந்தப் பக்கம் வாய் திறக்கிறாரோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். செத்தவர் ஓட்டு செல்லுமா என்று, பிரிக்கக் கூடாது என்ற எதிர்த்தரப்பார் எழுதிக் கேட்டார்கள். தேனீக்களின் சாட்சியத்தை ஏற்க விதியில்லை என்று தலைவர் பதில் அனுப்பினார்.

சபை கூடும் நாள் காலையில் கெஷெ கடைசி விரலைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, அவர் அன்றாடம் சந்தேகித்துச் சொல்லும் பெயர்களை மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.

"அவங்க யாருமில்ல. நான்தான் சொன்னேன்," என்றாள் கெஷெ. "ஹார்மை வீணா விரட்டிட்டீங்க."

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"பனி உருகுறதுக்குள்ள ஒரு குடும்பத்தைக் குடிசையை விட்டு வண்டியில ஏத்தி அனுப்பினீங்களே, வழியில அவங்க குழந்தை செத்துப்போச்சு. சேதி வந்ததும் நீங்க என்ன கேட்டீங்க? வண்டி திரும்பி வந்துடுச்சான்னு. என் வீட்டுக்காரர் போயிட்டார்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுது. போய்ச் சொல்லிட்டேன்."

"இப்ப மாத்திச் சொல்லு."

"சபையில புறம்போக்கு எல்லாருக்கும்னு சொல்லிட்டு வாங்க. வர்றதுக்குள்ள கூட்டுக்கிட்ட போய் நிக்கிறேன். எனக்கும் நீங்க வேணும்ங்க."

பாவம், அதை அவள் மனதாரச் சொன்னாள். அவரோ அவளைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, "உன்னை யார் விலைக்கு வாங்கினது?" என்று கேட்டார். வண்டியில் போகும்போதும் எதிர்த்தரப்பில் யாராக இருக்கும் என்றுதான் யோசித்தார். சபையில் எழுந்து, புறம்போக்கைப் பிரித்துவிட வேண்டும் என்று உரக்கச் சொன்னார். கூட்டருகே காத்திருந்த கெஷெ, சேதி வந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மறுநாளிலிருந்து அவள் சுரண்டவில்லை.

மெழுகு மணிக்கட்டு தாண்டி, தோள் தாண்டி, கழுத்து வரை ஏறியது. அவர் அதோடேயே சபைக்குப் போய்வந்தார், அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். கெஷெ விதவைக்குரிய கறுப்பு உடுத்தி, ஞாயிறுதோறும் அவர் கையைப் பிடித்தே தேவாலயத்துக்கு அழைத்துப் போனாள். வழியில் நின்றவர்கள் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அவளிடம் துக்கம் விசாரித்தார்கள்.