நான்காவது இணைப்புப் புத்தகம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு லிஃப்ட் மெக்கானிக்கின் சாப்பாட்டு மேசையில் ஆட்டம் தொடங்கிவிடும். பலகை, காய் எதுவும் கிடையாது. மெக்கானிக் கதை சொல்வார்; மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவார்கள். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். அவருடைய தங்கை, பூட்டுத் திறக்கும் திருடி. தங்கையின் கணவர் மருந்துக்கடைக்காரர், ஆட்டத்தில் வாள்வீரன். அச்சகம் வைத்திருந்த நண்பர்தான் வைத்தியர். ஐந்து வருடமாக இப்படித்தான்.

தங்கை விளையாடுவதைப் பார்க்க மெக்கானிக்குக்கு அத்தனை பிடிக்கும். பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் வாரம் முழுக்க அடுத்தவர் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருப்பவள், இங்கே வந்தால் காவல்காரர்களைப் பேசியே கவிழ்த்துவிடுவாள். ஒருமுறை, சமையல்கட்டைச் சோதிக்க வந்த அதிகாரி என்று சொல்லியே ஒரு கோட்டைக்குள் நுழைந்துவிட்டாள். கத்தியைத் தொடவே இல்லை.

எல்லாவற்றையும் கெடுத்தவை இணைப்புப் புத்தகங்கள். முதலில் இருந்தது ஆட்டத்தின் விதிகளைச் சொல்லும் மூலப் புத்தகம் ஒன்றுதான். வெளியிட்டவர்கள் பிறகு ஆண்டுக்கொன்றாகக் கூடுதல் விதிகளையும் புதுப் பாத்திரங்களையும் போட ஆரம்பித்தார்கள். பழைய வீரனைவிடப் புது வீரனுக்குப் பலம் கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யார் வாங்குவார்கள்? முதல் இரண்டை மெக்கானிக் பொறுத்துக்கொண்டார். மூன்றாவதை மாப்பிள்ளை வாங்கிவந்தபோதுதான் வினை வந்தது. வாள்வீரனைக் கைவிட்டு 'நிழல்வேந்தன்' ஆகிவிட்டார். அவன் வாள் வீசுவான்; தொட்டால் காயம் ஆறும்; விரலைச் சொடுக்கினால் பூட்டு திறக்கும்.

தங்கை குனிந்து பூட்டைப் பார்க்கிறேன் என்று சொல்வதற்குள் கதவு திறந்துகொண்டது. அச்சகக்காரருக்கு ஆற்றுவதற்கு ஒரு சிராய்ப்புகூட மிஞ்சவில்லை. மூன்றாம் வாரத்தோடு அவர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஈடு கொடுக்க மெக்கானிக் அரக்கர்களின் பலத்தைக் கூட்டினார். மாப்பிள்ளைக்கு அது உறைக்கவே இல்லை. ஆனால் ஓர் அரக்கன் போகிறபோக்கில் வீசிய வாலடியில் திருடி செத்துப்போனாள். தங்கை, திருடியின் திறமைகளை எழுதிவைத்திருந்த தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு தேநீர் போடப் போய்விட்டாள்.

மெக்கானிக் மாப்பிள்ளையை மாடிப்படிப் பக்கம் அழைத்துப்போனார்.

"மாப்ள, அந்தப் புக்கை மட்டும் வீட்டிலயே வச்சிடுங்களேன்."

"விதியில இல்லாததை நான் ஒண்ணும் பண்ணலையே மச்சான்."

"விதியில இருக்கு. ஆனா மேசையில மத்தவங்களும் இருக்காங்கல்ல?"

"அவளையும் ஒரு புது ஆளை எடுத்துக்கச் சொல்லுங்க. நானா வேண்டாம்னேன்?"

செவிடன் காதில் ஊதிய சங்கு. இனிமேல் மூலப் புத்தகம் மட்டுமே செல்லும் என்று மெக்கானிக் ஒரு தாளில் எழுதி வைத்தார். மாப்பிள்ளை முறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, தங்கைக்காக அந்தச் சண்டையைப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

ஞாயிறன்று அவர் தாளை எடுக்குமுன், தங்கை நான்காவது இணைப்புப் புத்தகத்தை மேசையில் வைத்தாள். பக்கத்துக்குப் பக்கம் வண்ணச் சீட்டு ஒட்டியிருந்தாள்.

"இதுல 'காலத்தரசி'ன்னு ஒருத்தி இருக்கா. இனிமே நான் அவதான்."

"உன் திருடியைப் பொழைக்க வைக்க வழி யோசிச்சு வச்சிருக்கேன்மா."

"வேண்டாம்ண்ணே. அவ வந்து என்ன பண்ணுவா? ஓரமா நின்னு வேடிக்கை பாப்பா."

எழுதிய தாள் சட்டைப்பையிலேயே கிடந்தது.

மூன்று மாதம் ஓடும் என்று அவர் திட்டமிட்டிருந்த கதையைக் காலத்தரசி பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். அரக்கர் தலைவன் வாய் திறக்குமுன்பே காலத்தை நிறுத்தி, நின்ற இடத்திலேயே வெட்டிச் சாய்த்தாள். பகடை ஒரே ஒருமுறைதான் உருண்டது. நிழல்வேந்தனுக்கு வேலையே இல்லை. மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிருந்தது. ஜெயித்தவள் முகத்திலும் களை இல்லை.

"அடுத்து என்னண்ணே?" என்று கேட்டாள்.

அடுத்து என்று அவரிடம் எதுவும் இல்லை. மணி மூன்றே காலைத் தாண்டவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. விதியை மீறியவர் அங்கே எவருமில்லை. பகடைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு, "இந்த ஆட்டம் இதோட போதும்" என்றார். அவர் இந்த வாரத்தைச் சொல்கிறார் என்று நினைத்து இருவரும் எழுந்தார்கள்.

காலத்தரசியை நிழல்வேந்தனால் மடக்க முடியுமா முடியாதா என்று வாதாடிக்கொண்டே அவர்கள் படியிறங்குவது கேட்டது. மெக்கானிக் கதவைச் சாத்தினார்.