நான்காம் இயலும் ஒரு தொப்பியும்

திருப்பதி விடுதி வாசலில் பேராசிரியர் தமிழ்வேந்தன் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருந்தார். சித்திரை வெயில் காலை எட்டு மணிக்கே காய்ந்துகொண்டிருந்தது. அவரைச் சித்தூர்க் கல்லூரிக்கு அழைத்துப் போக வந்த மைத்ரேயி வணக்கம் சொல்லிவிட்டு, தெரியாமல் அவர் காதைப் பார்த்துவிட்டாள். காதுக்குப் பின்னால் கொஞ்சம் சந்தனம் ஒட்டியிருந்தது. உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

கடவுள் இல்லை என்று முப்பது வருடமாக மேடைகளில் பேசிவருபவர் அவர். சென்னையிலிருந்து மைத்ரேயியின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்தார். "ஓய்வுக்காக" என்று சொல்லி இரண்டு நாள் முன்பே வந்து தங்கிவிட்டார்.

அவர் அனுப்பியிருந்த மதிப்பீட்டில் ஒரே ஒரு குறைதான். நான்காம் இயலைத் திருத்தி எழுத வேண்டும். இன்று அவர் மனம் மாறாவிட்டால் இன்னொரு வருடம் போய்விடும். அடுத்த மாதம் சேரவேண்டிய வேலையும் போய்விடும். மைத்ரேயி விடியற்காலையிலேயே எழுந்து பெருமாளிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

கார் ஊரைத் தாண்டியதும் டிரைவர் சலீம் பேச்சுக் கொடுத்தார்.

"மேல ஜாஸ்தி கூட்டமா சார்?"

"மேல என்றால்?" என்றார் பேராசிரியர் விறைப்பாக.

"மேலன்னா... மலைக்கு மேல சார்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"சலீம் அண்ணா, ரோட்டைப் பாருங்க" என்றாள் மைத்ரேயி.

"பாத்துக்கினுதான் இருக்கேன்மா. ரோடு எங்க ஓடிடப் போவுது? ஆமா, நீ இன்னா படிச்சிக்கினு இருக்கே?"

பேச்சு மாறினால் போதும் என்று அவளும் சொன்னாள். சோவியத் நாட்டில் கொடுங்கோலன் ஒருவன் இறந்தபின் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்தது. பனி உருகும் காலம் என்று அதற்குப் பெயர். அப்போது மாஸ்கோவில் ஓர் இலக்கிய மாத இதழ் வந்துகொண்டிருந்தது. கைதிகள் முகாமைப் பற்றி யாரோ ஒரு பள்ளி ஆசிரியர் எழுதிய கதை அதற்கு வந்தது. தணிக்கைக்காரர்களிடம் போனால் அதோடு சரி. அதனால் இதழின் ஆசிரியர் நாட்டின் புதிய தலைவருடைய உதவியாளரைப் பிடித்து, கதையை நேராகத் தலைவரிடமே வாசித்துக் காட்டும்படி செய்தார்.

"அட! சிபாரிசு லெட்டரு!" சலீம் ஸ்டியரிங்கைத் தட்டினார். "கியூல நிக்காம நேரா உள்ள! நம்ம ஊர்ல தெனமும் நடக்கிறதுதானே. இல்ல சார்?"

பேராசிரியர் இருமத் தொடங்கினார். சித்தூர் வரும்வரை அவ்வப்போது இருமிக்கொண்டே வந்தார்.

தமிழ்த்துறை அறையில் இருபது பேர் கூடியிருந்தார்கள். மைத்ரேயியின் நெறியாளர் ஆதிகேசவன் வரவேற்றுப் பேசினார். பேசும்போது அவர் கண் இரண்டு தடவை தொப்பிக்குப் போய்த் திரும்பியது.

மைத்ரேயி தன் ஆய்வைச் சொல்லி முடித்தாள். பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான்காம் இயலில் அந்த இதழாசிரியரைப் புகழ்கிறீர்கள். அவர் என்ன செய்தார்? சில வரிகளை மாற்றச் சொன்னார். தானே ஒரு முன்னுரை எழுதிப் பூசி மெழுகினார். மேலே இருப்பவனிடம் போய் நின்றார். கொள்கை உள்ளவன் அப்படித் தலை வணங்கலாமா?"

அறையில் காற்றில்லை. தொப்பிக்குள்ளிருந்து வியர்வை வழிந்து, சந்தனத்தையும் கூட்டிக்கொண்டு சட்டைக் காலரில் மஞ்சளாக இறங்கியது.

மைத்ரேயியிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. 'ஏன் வணங்கக் கூடாது சார்? நீங்களே சொல்லுங்கள்.' அவ்வளவு போதும். அறையே சிரித்திருக்கும்; நான்காம் இயலும் பிழைத்திருக்கும். அந்த நேரம் பார்த்து அட்டெண்டர் கங்கையா, பாவம் பெரியவர் வியர்க்கிறாரே என்று, மேசை மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார். தொப்பி மேலே எழும்பியது. பேராசிரியர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபேன் வேண்டாம் கங்கையா. சாருக்குச் சளி. வழியெல்லாம் இருமிட்டே வந்தார்" என்றாள் மைத்ரேயி.

"அவுனு, அவுனு. சளி" என்று தெலுங்கில் ஆமாம் போட்டுக் கங்கையா விசிறியை நிறுத்தினார்.

"சீசனே சரியில்லை" என்றார் ஆதிகேசவன்.

"எங்க வீட்லகூட எல்லாருக்கும் சளிதான்" என்றது ஒரு குரல். பின்வரிசையில் நாலு பேர் ஒத்தாசைக்கு இருமினார்கள்.

பேராசிரியர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். திருமலையின் அடிவாரத்தில் வாழ்கிறவர்களுக்கு மொட்டையைத் தெரிந்துகொள்ளத் தொப்பியைக் கழற்ற வேண்டியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

மைத்ரேயி தயாராக இருந்த பதிலை விட்டுவிட்டு வேறு பதில் சொன்னாள். "அந்தக் கதை வந்த இதழ் கடைகள்ல உடனே தீர்ந்து போச்சு சார். முகாம்ல இருந்து மீண்டவங்க, 'இது என் கதை'ன்னு கடிதம் எழுதினாங்க. பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருந்த எழுத்தையெல்லாம் மத்தவங்களும் வெளிய எடுத்தாங்க. பனி மறுபடி உறைஞ்சப்போ, அவரால அச்சுல கொண்டுவர முடியாத எழுத்தும் இருந்தது. அதுக்கும் முன்பணம் கொடுத்தார். கடைசியில பதவியும் போச்சு. அவர் வணங்கினது தனக்காக இல்ல சார்."

பேராசிரியர் காலரில் இறங்கிய மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சந்தனம் திட்டுத் திட்டாகக் காய்ந்த புது மொட்டை.

"மனைவிக்கு ஆபரேஷன்" என்றார். "நல்லபடியா முடிஞ்சா மொட்டை போடறதா வேண்டிக்கிட்டா. அவ தலையை இல்லை. என் தலையை."

"கோவிந்தா!" என்றார் கங்கையா, தன்னையறியாமல்.

"கோவிந்தா!" என்றது அறை முழுவதும், பழக்க தோஷத்தில்.

முதலில் சிரித்தவர் பேராசிரியர்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்மா எப்படி இருக்காங்க சார்?" என்று மைத்ரேயி கேட்டாள். "கூடத்தான் வந்திருக்கிறாள். விடுதி ரூமில் தூங்குகிறாள். நேற்று இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டாள்" என்றார் அவர்.

பிறகு பேனாவைத் திறந்தார். "நான்காம் இயலை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

"பஜ்ஜி ஆறிப் போச்சு சார்" என்று கங்கையா நினைவூட்டினார். சாப்பிடப் போகுமுன் வழக்கம்போல எல்லாரும் போட்டோவுக்கு நின்றார்கள். பேராசிரியர் மைத்ரேயி பக்கம் குனிந்தார்.

"போட்டோ சென்னை வரைக்கும் போகும், அம்மா. இதற்கு மட்டும் தொப்பி போட்டுக்கொள்ளட்டுமா?"

"போட்டுக்கோங்க சார்" என்றாள் மைத்ரேயி. போட்டோ எடுப்பவர் அவசரப்படுத்தியும் யாரும் அசையவில்லை. ஆதிகேசவன் தொப்பியை இரண்டு காதும் மூடும்படி இழுத்து நேராக்கும்வரை இருபது பேரும் அப்படியே காத்து நின்றார்கள்.