ஆறு சிலிண்டர்

லண்டன் பிளேஸ்டோவில் ஒரு பெட்றோல் ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் சந்திரவதனாவுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்தது. கல்லாவில் இருந்தபடியே, வெளியே வந்து நிற்கிற வண்டி எதுவென்று தலை நிமிராமல் சொல்லிவிடுவாள். கூட வேலை செய்த அஞ்சலீனா பந்தயம் கட்டித் தோற்றுக் களைத்துப் போனாள். எல்லாவற்றிலும் அவள் மனதைப் பறித்தது காப்ரி. நீண்ட மூக்கும் சரிந்த முதுகுமாக, நிற்கும்போதே ஓடுவதுபோலத் தெரிகிற கார்.

எண்பத்தெட்டாம் ஆண்டு டிரைவிங் டெஸ்டில் பாஸானாள். ஓவர்டைம் செய்து சேர்த்த காசு பழைய காப்ரி ஒன்றுக்குப் போதும். ஒரு வியாழக்கிழமை பஸ்ஸில் போகும்போது, பழைய கார் விற்கிற இடமொன்றில் இரண்டு காப்ரிகள் அருகருகே நிற்கக் கண்டாள். அடுத்த தரிப்பில் இறங்கி, திரும்பி ஓடினாள்.

நீலம் இரண்டு லீட்டர், நாலு சிலிண்டர். சிவப்பு இரண்டு தசம் எட்டு, ஆறு சிலிண்டர். சிவப்பு அதிகம் ஓடிய கார், கதவோரம் துருவும் பிடித்திருந்தது. அதனால் விலையில் பெரிய வித்தியாசமில்லை. விற்கிறவன் அதை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினான். அந்த உறுமல் அவளுடைய நெஞ்செலும்புக்குள் இறங்கியது. அதற்கிடையே மெல்லிய தட்டல் ஒன்றும் கேட்டது.

அன்று பின்னேரமே அண்ணனுக்குப் போன் பண்ணினாள். பாலேந்திரா பார்க்கிங் என்ற ஊரில் ஒரு கராஜில் மெக்கானிக். லண்டனில் அவளுக்கு இரத்த உறவென்றால் அவன் ஒருவன்தான். ஸ்பொன்சர் பண்ணி அழைத்ததும் அவன், ஏர்போர்ட்டில் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டவனும் அவன். கார் நிற்கிற இடம், நிறம், விலை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"அவசரப்படாதை பிள்ளை. சனிக்கிழமை நான் வந்து பாக்கிறன்," என்றான்.

சனிக்கிழமை வந்தான். சிவப்புக் காரின் பொனெட்டைத் திறந்து, ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எஞ்சினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

"பேரிங் போயிட்டுது. ஆறு மாசத்திலை எஞ்சினை முழுசாக் கழட்ட வேண்டி வரும்."

"தட்டுறது மேலை எங்கையோ எண்டு நினைச்சன், அண்ணை."

"நீ நினைப்பாய். பதினஞ்சு வருசமா உதுதான் எனக்கு வேலை." குரலைத் தாழ்த்தினான். "நீலத்தை எடு. பெட்றோல் குடிக்காது, இன்சூரன்ஸ் அரைவாசி, சாமான் எங்கையும் கிடைக்கும். ஆறு சிலிண்டரை வச்சு உன்னாலை சமாளிக்க ஏலாது."

அவள் சிவப்பை இன்னொரு தரம் சுற்றிவந்தாள். தன் காதைவிட அண்ணன் காதை நம்பினாள். நீலத்தை வாங்கினாள்.

நல்ல கார்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் மேட்டில் ஏறும்போது காலடியில் ஏதோ போதாமல் இருக்கும். காசு இவ்வளவுதானே என்று மனதைத் தேற்றிக்கொள்வாள்.

ஒரு மாதம் கழித்து லண்டனிலேயே எட்மண்டன் பக்கம் ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் பிறந்தநாள் விழா. நீலக் காரை நிறுத்திவிட்டு இறங்கும்போதே தெருமுனையில் அந்த உறுமலைக் கேட்டாள். நிமிராமலே தெரிந்தது. சிவப்புக் காப்ரி வந்து நின்றது. பாலேந்திரா இறங்கினான். மறுபக்கம் அவன் மனைவி கமலாம்பிகை, மடியில் கேக் பெட்டியோடு.

"ஆரின்ர கார் அண்ணை?"

"என்ரதான். சும்மா கிடந்துது. திருத்திப் பாப்பம் எண்டு எடுத்தனான்."

"எஞ்சினைக் கழட்டினீங்களோ?"

அவள் ஜன்னலுக்குள் கையை விட்டுப் பொனெட் பூட்டை இழுத்தாள். எஞ்சின் மேலே பழைய அழுக்கு அப்படியே படிந்திருந்தது. ஒரு போல்ட்டும் கழன்ற அடையாளமில்லை. மேற்பக்கத்தில் அல்டர்னேட்டரைப் பிடித்திருந்த நட்டு மட்டும் புதிதாய் மினுங்கியது.

"இதுதான் தட்டினதோ?"

"பிறகுதான் கண்டுபிடிச்சன்."

கமலாம்பிகை கேக்கோடு இறங்கி வந்தாள். என்ன பேச்சு நடக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. "இவர் உந்தக் கார் எண்டு துடிச்ச துடிப்பு! நீர் வியாழக்கிழமை போன் எடுத்தீர் எல்லே, வெள்ளி விடியவே ஓடிப்போய் அட்வான்ஸ் குடுத்திட்டு வந்தவர்," என்று சிரித்தாள்.

சந்திரவதனா பொனெட்டை மூடினாள். வெள்ளிக்கிழமை. அப்படியென்றால் சனிக்கிழமை அவன் பொனெட்டைத் திறந்ததும், காதை வைத்ததும், தலையை ஆட்டியதும் தன் காருக்கு முன்னால் நின்று. அவள் ஆசையோடு சுற்றிச் சுற்றி வந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான்.

"உன்ர நன்மைக்குத்தான் பிள்ளை. இன்சூரன்ஸ் கட்டி முடியாது உனக்கு."

"அது உண்மைதான். அதை மட்டும் சொல்லியிருக்கலாமே. உங்களுக்கு வேணும் எண்டு கேட்டிருந்தா நானே விட்டுத் தந்திருப்பன். ஏன் அண்ணை என்னைக் கூட்டிக்கொண்டுபோய் நடிச்சனீங்கள்?"

உள்ளே பிள்ளைகள் பலூன் உடைக்கிற சத்தம் கேட்டது. அவள் வீட்டுக்குள் போகாமலே திரும்பிவிட்டாள். வழியில் கண்ணீர் கண்ணை மறைக்க ஓரிடத்தில் காரை ஓரங்கட்டினாள். கார் போனால் போகட்டும். ஏர்போர்ட்டில் அவன் போர்த்திவிட்ட கோட்டையும் இனிச் சந்தேகத்தோடுதானே நினைக்கவேண்டும் என்றுதான் அழுதாள்.

அதற்குப் பிறகு எதற்கும் அவனிடம் போகவில்லை. ஈவினிங் கிளாசில் கார் திருத்தப் படித்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண்.

தொண்ணூற்றுமூன்றில் அவன் போன் பண்ணினான். அவனுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்திருந்தது, பெரிய வான் வண்டி தேவை. "சிவப்பை நீ எடு. வெளியிலை கேக்கிற விலையிலை பாதி தா. எஞ்சின் தங்கம் மாதிரி இருக்கு."

அவள் போனாள். தனக்குக் கார் திருத்தக் கற்றுக்கொடுத்த அயர்லாந்துக்காரரையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் குனிந்து எஞ்சினைச் சோதிக்கத் தொடங்கியபோது பாலேந்திராவின் முகம் சிறுத்துப் போனது.

"ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தனியோ? என்னை நம்பேல்லையே?"

"இல்லை அண்ணை. நம்பேல்லை."

அயர்லாந்துக்காரர் நிமிர்ந்து, எஞ்சினில் ஒரு குறையுமில்லை, நம்பி எடுக்கலாம் என்றார். அண்ணன் இந்தமுறை உண்மைதான் சொல்லியிருந்தான். ஆனாலும் அந்த உறுமலைக் கேட்டால் இனி அந்தச் சனிக்கிழமைதான் நினைவுக்கு வரும்; அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். உள்ளே போய் மச்சாள் கமலாம்பிகையின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு தேத்தண்ணி குடிக்காமலே வெளிக்கிட்டாள்.