பெட்டிமேல் இருந்தவன்

செக்கிங் அறையில் அன்று காலை இருந்தவர்கள்: முதலாளி பொங்கியண்ணன், பனியன் மடிக்கும் மருதம்மாள், பெட்டி ஒட்டும் மயில்சாமி, பிறகு கறுப்புக் கண்ணாடியோடு லிங்கசாமி. சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் மேலும் லிங்கசாமிதான் இருந்தான். வெள்ளைப் பனியன், இடுப்பில் கை, கறுப்புக் கண்ணாடி. பெட்டிக்குப் பெட்டி அதே சிரிப்பு.

பெட்டியில் அந்தப் படம் அச்சாவதற்கு முன்னால் அவன் சலவைத் தொட்டியில் நின்றவன். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் துணியை மிதித்து மிதித்துக் கண் இரண்டும் புண்ணாகி, வெளிச்சத்தைப் பார்த்தாலே நீர் கொட்டும். படத்துக்கு ஆள் தேடியபோது முதலாளி இவன் தோளைப் பார்த்தார். பிறகு கண்ணைப் பார்த்துவிட்டு, கோயமுத்தூரில் கண்ணாடி வாங்கிவந்து மாட்டினார். பெட்டி கல்கத்தா வரை போனது. வருகிற வியாபாரிகள் பெட்டியில் இருக்கிற ஆளைக் காட்டு என்றார்கள். அவர்கள் கண்ணில் படட்டும் என்று இவனைக் கறை பார்க்கும் செக்கிங் மேசையில் உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டவன் வெள்ளைத் துணியில் என்னத்தைப் பார்ப்பான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தான்.

“பொட்டிய உட்டு எறங்கி வந்துட்டாருடா,” என்று டீக்கடை பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அவனும் கால்மேல் கால் போட்டுக்கொள்வான். கண்ணாடிக்குப் பின்னால் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. மெஷின் எண்ணெய்க் கறையை மூக்கால்தான் பிடித்தான். தவறவிட்டதை மருதம்மாள் சத்தமில்லாமல் எடுத்து ஒதுக்கினாள். மாரியம்மன் நோன்பிக்கு அவள் குன்னத்தூர் போயிருந்த வாரத்தில் கட்டிய மூட்டைகள்தான் இப்போது கறை என்று திரும்பி வந்து வாசலில் கிடந்தன.

“கழட்டுடா,” என்றார் பொங்கியண்ணன்.

கழற்றி மேசைமேல் வைத்தான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்ப முடியவில்லை. முதலாளி ஒரு பனியனை விரித்தார்.

“கறை எங்கீன்னு தொட்டுக் காட்டு.”

லிங்கசாமி அதை முகத்தருகே கொண்டுபோனான்.

“மோந்து பாக்காத. கண்ணுல பாரு.”

விரலை வைத்தான். மருதம்மாள் இருமினாள். விரலை நகர்த்தினான். மறுபடியும் இருமினாள்.

“ஏனம்மிணி, தொண்டைல என்ன?”

“ஒன்னுமில்லீங்க. பஞ்சுத் தூசிங்க.”

“அதுல கறையே இல்லீடா,” என்றார் முதலாளி. அவர் குரலில் கோபம் இல்லை. லிங்கசாமி பனியனைக் கீழே வைத்தான்.

“தொட்டிக்கே போயர்றனுங்க. பழகுன வேலைங்க.”

“கண்ணு தெரியாதவனத் தொட்டில எறக்கிப்போட்டு எவன் பதில் சொல்றது? ஊட்டுக்குப் போ.”

கண்ணாடிக்காக மேசையைத் துழாவினான். இல்லை.

“அது கம்பெனிதுடா.”

“வெயிலுக்கு மட்டுமாச்சும் குடுங்க, மொதலாளி.”

“மயில்சாமி, நீ போட்டுப் பாரு. இடுப்புல கை வெய்யி.”

மயில்சாமி தயங்கினான். பிறகு போட்டுக்கொண்டான். லிங்கசாமிக்கு ஒரு வெளுத்த உருவமும் அதில் இரண்டு கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தன. கொஞ்ச காலமாகப் பெட்டியைப் பார்த்தாலும் அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“அப்படியேதான் இருக்கறான்,” என்றார் முதலாளி. “படத்தக்கூட மாத்த வேண்டாம்.”

மருதம்மாள் குனிந்து மடித்துக்கொண்டிருந்தாள். லிங்கசாமி பெட்டிகளைத் தடவித் தடவி வாசலுக்கு வந்தான். எதிரே சலவைத் துணி காயும் வெட்டவெளி முழுக்க வெள்ளையாக எரிந்தது. இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு படியிலேயே நின்றான். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு பூட்டு.